இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால்: பழைய வண்டியின் மீட்டர் பாக்ஸ் வேலை

டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டை உரசிக்கொண்டு நிற்கிறது. ஆனால் எஞ்சின் கொதிக்கவில்லை, ரேடியேட்டர் மூடியில் ஆவி இல்லை, கூலன்ட் அளவும் குறையவில்லை. வண்டி பழையது, எலக்ட்ரானிக்ஸ் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. 12 வோல்ட், மைனஸ் எர்த், அதாவது பேட்டரியின் மைனஸ் வண்டியின் உடம்போடு சேர்ந்தது. மீட்டர் பாக்ஸில் பெட்ரோல் முள், டெம்பரேச்சர் முள், கேபிளில் ஓடும் ஸ்பீடோமீட்டர், சில பல்புகள், அவ்வளவுதான். என் கைக்கு வருவதற்கு முன்பே யாரோ டெம்பரேச்சர் சென்சாரையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றியிருந்தார்கள். இரண்டும் புத்தம் புதிதாகப் பளபளத்தன. முள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

மீட்டரைக் கழற்றுவதற்கு முன்னால், முள் சொல்வது பொய்தான் என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். டெம்பரேச்சர், ஆயில் பிரஷர் இரண்டிலும் இந்த வரிசையை மாற்றவே கூடாது. முள் உண்மையைத்தான் சொல்கிறது என்றால், நாம் வயரை நோண்டிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் போய்விடும். தெர்மோஸ்டாட் உட்காரும் உலோகக் கூட்டின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை அதன்மேல் காட்டிப் பார்த்தேன். டேப் எதற்கு என்றால், பளபளக்கும் அலுமினியத்தின் மேல் நேராகக் காட்டினால் இந்தக் கருவி உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு 86 டிகிரி. தெர்மோஸ்டாட்டில் குத்தியிருந்த எண், அதாவது அது கூலன்டுக்கு வழி திறக்கும் சூடு, 82. ஆக எஞ்சின் நலம், பொய் சொல்வது முள்.

சரி, பொய் எங்கே பிறக்கிறது? சென்சார், வயர், மீட்டர், மீட்டருக்கு வரும் சப்ளை, எர்த் என்று ஐந்து இடங்கள் உண்டு. பெரும்பாலானவர்கள் சென்சாரில் தொடங்குவார்கள். கைக்கு எட்டும், மாற்றுவதும் சுலபம். என்னைக் கேட்டால், முதலில் கொஞ்ச நேரம் சீட்டில் உட்கார்ந்து முள்ளை வேடிக்கை பார்ப்பதுதான் நல்லது. செலவில்லாத பரிசோதனை அது.

அப்படிப் பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. ஐடிலில் ஹெட்லைட்டைப் போட்டால் டெம்பரேச்சர் முள் மெதுவாக ஒரு நூல் இறங்கியது. லைட்டை அணைத்து ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் மறுபடி ஏறியது. எஞ்சின் சூடு அரை நிமிடத்தில் அப்படி ஏறி இறங்காது. ஏறி இறங்கியது சார்ஜிங் வோல்டேஜ். பக்கத்தில் இருந்த பெட்ரோல் முள்ளைக் கவனித்தால், அதுவும் அதே தாளத்தில் கொஞ்சமாக அசைந்தது. சென்சாரையும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றியவர் அந்தப் பெட்ரோல் முள்ளைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. பார்க்காததும் நியாயம்தான், அது ஏறக்குறையச் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

இந்த மாதிரி வண்டிகளில் முள்ளை நகர்த்துவது வெப்பம். மீட்டருக்குள் இரட்டை உலோகப் பட்டை ஒன்று, அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுற்று. மின்சாரம் ஓடினால் கம்பி சூடாகும், பட்டை வளையும், முள் நகரும். அதனால்தான் சாவியைத் திருப்பியதும் முள் துள்ளி எழாமல் சோம்பலாக ஏறுகிறது. சாவி போட்டவுடன் சட்டென்று போய் நிற்கும் முள் என்றால் அது காந்தத்தில் இயங்கும் வேறு வகை. வெப்பத்தில் ஓடும் மீட்டருக்கு ஒரு பலவீனம் உண்டு. சப்ளை வோல்டேஜ் கூடினால் முள்ளும் கூடக் காட்டும். அதைத் தடுக்கத்தான் மீட்டர் பாக்ஸின் முதுகில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு தகரப் பெட்டி இருக்கும். வோல்டேஜ் ஸ்டெபிலைசர். இரண்டு மீட்டருக்கும் சேர்த்து இது ஒன்றுதான். ஒரு முள் மட்டும் தப்பாகக் காட்டினால் அந்த முள்ளின் சென்சார், வயர், மீட்டர் என்று தேடலாம். இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால், இரண்டுக்கும் பொதுவானது எதுவோ அதைத்தான் பிடிக்க வேண்டும்.

ஸ்டெபிலைசர் வேலை செய்யும் விதம் இஸ்திரிப் பெட்டியின் தெர்மோஸ்டாட் மாதிரிதான். உள்ளே ஒரு இரட்டை உலோகப் பட்டை, ஒரு காண்டாக்ட். பட்டை சூடானால் காண்டாக்ட் விலகும், ஆறினால் சேரும். 12 வோல்ட் விட்டுவிட்டுப் போவதால் சராசரி 10 வோல்ட் ஆகிறது. சில அமெரிக்க வண்டிகளில் இதே ஏற்பாடு சராசரி 5 வோல்ட்டுக்கு இருக்கும். மீட்டரும் சோம்பேறி என்பதால் இந்த விட்டுவிட்டு வருவது முள்ளில் தெரியாது. இதில் கவனிக்க வேண்டியது, பட்டையைச் சூடாக்கும் சுற்றின் மின்சாரம் தகரப் பெட்டி வழியாகத்தான் எர்த்துக்குப் போகிறது. பெட்டிக்கு எர்த் இல்லையென்றால் பட்டை சூடாகாது, காண்டாக்ட் திறக்காது, பேட்டரி வோல்டேஜ் முழுதும் இரண்டு மீட்டர்களிலும் போய் இறங்கும்.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு மீட்டர் பாக்ஸை வெளியே இழுத்தேன். நான்கு திருகுகள், பின்னால் ஸ்பீடோமீட்டர் கேபிளின் வளையம், வயர்களெல்லாம் வந்து சேரும் ஒரு கப்ளர். கப்ளரை வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பின்புறம் பிளாஸ்டிக் தாளில் ஒட்டிய செம்புக் கோடுகள்தான் வயரிங். கப்ளர் பின் பக்கத்தில் அந்தத் தாள் சுலபமாகக் கிழியும். கழற்றுவதற்கு முன் போனில் நாலு படம் எடுத்து வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கம். எந்தப் பல்பு எந்த ஓட்டையில் இருந்தது என்று பிறகு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பாக்ஸை ஸ்டீயரிங் மேல் ஒரு துணி விரித்துச் சாய்த்து வைத்து, கப்ளரை மட்டும் திரும்ப மாட்டி, பேட்டரியை இணைத்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். ஸ்டெபிலைசரில் பி என்ற முனை உள்ளே வருவது, ஐ என்ற முனை மீட்டர்களுக்குப் போவது. மல்டிமீட்டரை வைத்தால் பி முனையில் 13.9, ஐ முனையிலும் அசையாமல் 13.9. நல்ல நிலையில் இருந்தால் ஐ முனையில் டிஜிட்டல் எண் நிலையில்லாமல் குதித்துக்கொண்டே இருக்கும். அடுத்து ஸ்டெபிலைசரின் தகரப் பெட்டிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளந்தேன். அங்கே பூஜ்யம் வர வேண்டும், வந்தது 13 வோல்ட்டுக்கு மேல். எர்த்தில் உட்கார வேண்டிய பெட்டி, உள்ளிருக்கும் சுற்று வழியாக சப்ளையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஜம்பர் வயரின் ஒரு முனையைப் பெட்டியிலும் மறுமுனையை பாடியின் வெற்று உலோகத்திலும் வைத்ததும் எண்கள் குதிக்கத் தொடங்கின. டெம்பரேச்சர் முள் மெல்ல மெல்ல இறங்கி, நடுவுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது.

எர்த் எங்கே அறுந்திருக்கிறது என்பதையும் உட்கார்ந்த இடத்திலேயே யோசித்துக் கண்டுபிடிக்கலாம். டேஷ்போர்டு பல்புகள் எல்லாம் பளிச்சென்று எரிந்தன. அவற்றுக்கும் எர்த் மீட்டர் பாக்ஸின் உடம்பு வழியாகத்தான். ஆக பாக்ஸ் வரைக்கும் எர்த் வருகிறது, பாக்ஸிலிருந்து ஸ்டெபிலைசருக்குத் தாவவில்லை. அதைப் பிடித்திருந்தது ஒரே ஒரு திருகு. கழற்றிப் பார்த்தால் திருகின் அடியில் பச்சைக் களிம்பும் துருவும் கலந்து ஒரு வட்டம். உப்புத்தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கினேன். அதோடு விடாமல், ஸ்டெபிலைசர் பெட்டியிலிருந்து தனியாக ஒரு கறுப்பு வயரை டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள எர்த் போல்ட் வரைக்கும் இழுத்தேன். ஒரு திருகை நம்பி இரண்டு மீட்டர் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இதே குடும்பத்தில் இன்னொரு அறிகுறி உண்டு. இண்டிகேட்டர் போடும்போது அதன் கூடவே முள்ளும் துடித்தால், மீட்டர் பாக்ஸின் எர்த் பலவீனம் என்று கிட்டத்தட்டக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். லைட் எல்லாம் போட்டுவிட்டு, பாக்ஸின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அந்த வழியில் எங்கோ தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது.

பழைய ஸ்டெபிலைசர் உயிர் பிழைத்ததே தவிர, துடிப்பு ஒழுங்காக இல்லை. சில சமயம் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது. அதனால் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு அதே பெட்டிக்குள் 7810 என்ற மூன்று கால் ரெகுலேட்டரைப் பொருத்தினேன். 10 வோல்ட்டைத் துடிப்பில்லாமல் நேராகத் தரும். உள்ளே வரும் பக்கம் 0.33 மைக்ரோஃபாரட், வெளியே போகும் பக்கம் 0.1 மைக்ரோஃபாரட் என்று இரண்டு கெப்பாசிட்டர், காலுக்கு ஒட்டினாற்போல. அதன் முதுகுத் தகடு எர்த் என்பதால் பெட்டியோடு நேராகவே திருகலாம், சூடும் அதிலேயே இறங்கும். ஒரு குறை, உள்ளே வரும் வோல்டேஜ் வெளியே போவதைவிடச் சுமார் 2 வோல்ட் கூட இருக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது கவலையில்லை. எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டு, பேட்டரியும் இறங்கியிருந்தால் முள் ஒரு நூல் கீழே காட்டும். பிளஸ் எர்த் உள்ள ரொம்பப் பழைய வண்டிக்கு 7910 வேண்டும். அதில் முதுகுத் தகடு எர்த் இல்லை, உள்ளே வரும் முனை. அதைப் பெட்டியோடு அப்படியே திருகினால் புகைதான்.

ஸ்டெபிலைசர் வேலை முடிந்ததும் டெம்பரேச்சர் முள் ஒழுக்கமாக நின்றது. ஆனால் பெட்ரோல் முள் கால் அளவுக்கும் கீழே விழுந்துவிட்டது, டேங்கில் பாதிக்கு மேல் இருக்கும்போது! அதுவரை ஏறக்குறையச் சரியாகக் காட்டிய முள். வேலை செய்து கெடுத்துவிட்டோம் என்று தோன்றும் இடம் இது. நடந்தது வேறு. பெட்ரோல் பக்கத்தில் குறைத்துக் காட்டும் இன்னொரு கோளாறு ஏற்கெனவே இருந்திருக்கிறது. கூட்டிக் காட்டிய ஸ்டெபிலைசர் அதை ஈடுகட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பொய் சேர்ந்து ஒரு உண்மை மாதிரி நின்றிருக்கிறது. முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒவ்வொரு துண்டையும் தனியே அளந்தால்தான் தெரியும்.

டேங்க் யூனிட் என்பது மிதவையோடு சேர்ந்த ஒரு ரெசிஸ்டர்தான். எல்லா வண்டிக்கும் ஒரே அளவு கிடையாது. சிலவற்றில் காலிக்கு 0 ஓம், நிறைந்தால் 90. சிலவற்றில் காலிக்கு 10, நிறைந்தால் 180. இன்னொரு வகையில் தலைகீழ், காலிக்கு 240, நிறைந்தால் 33. என் வண்டி இந்தக் கடைசி ரகத்தைச் சேர்ந்தது. தனியாக வாங்கி மாட்டும் மீட்டரும் டேங்க் யூனிட்டும் ஒரே ரகமாக இல்லையென்றால் முள் என்றைக்கும் சரியாகக் காட்டாது. அதை எந்த ரிப்பேராலும் சரிசெய்ய முடியாது.

டேங்க் யூனிட் வயரைக் கழற்றி, அதை நீட்டித்து டேங்கிலிருந்து தள்ளிக் கொண்டுவந்து, 240 ஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த் கொடுத்தேன். முள் காலியில் நின்றது. 33 ஓம் கொடுத்ததும் மெதுவாக ஏறி முழுதில் நின்றது. மாட்டுவதும் கழற்றுவதும் சாவி ஆஃப் செய்துவிட்டுத்தான், பெட்ரோல் டேங்க் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. ரெசிஸ்டர் 2 வாட்டாவது இருக்கட்டும். வயரை நேரடியாக எர்த்தில் தொட்டு முள் ஏறுகிறதா என்று பார்ப்பது வழிவழியாக வரும் குறுக்குவழி. வெப்பத்தில் ஓடும் மீட்டரில் நான் அதைச் செய்வதில்லை. ரெசிஸ்டர் எதுவும் இல்லாமல் முழு மின்சாரமும் ஓடினால் உள்ளிருக்கும் மெல்லிய கம்பி எரிய வாய்ப்பிருக்கிறது. டேங்க் யூனிட்டுக்கு நேராக 12 வோல்ட் கொடுப்பது எந்த வண்டியிலும் கூடவே கூடாது.

ஆக மீட்டரும் வயரும் நலம், கோளாறு டேங்குக்குள். டேங்கில் இருந்த பெட்ரோலைப் பாதிக்குக் கீழே இறக்கி, திறந்தவெளியில், பேட்டரி மைனஸ் கழற்றிய நிலையில் யூனிட்டின் வளையத்தைத் திருப்பினேன். இரும்பு உளியும் சுத்தியலும் இங்கே ஆகாது, பித்தளைக் கம்பியும் மரச் சுத்தியலும் போதும். யூனிட்டை வெளியே எடுத்து மிதவையைக் காதருகே ஆட்டினால் சளக் சளக் என்றது. பித்தளை மிதவை, உள்ளே பெட்ரோல். மிதக்க வேண்டியது பாதி மூழ்கியபடி கிடந்திருக்கிறது. பிறகென்ன, எப்போதும் குறைவாகத்தான் காட்டும். வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் ஓட்டை என்று தெரியும், ஈயம் வைத்து அடைப்பவர்களும் உண்டு. உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும் பொருளின் மேல் சூடான இரும்பை வைக்க எனக்குத் துணிவில்லை. புது மிதவை மாட்டினேன்.

மிதவைக் கையைக் கீழிருந்து மேலே மிக மெதுவாக நகர்த்தியபடி ஓம் அளந்தால் இன்னொன்றும் தெரிந்தது. ஏறக்குறையப் பாதியில் ஒரு இடத்தில் மட்டும் ஓம் மீட்டர் சுற்று அறுந்ததுபோலக் காட்டியது, தாண்டியதும் திரும்ப வந்தது. இதற்கு முள் உள்ள பழைய அனலாக் மீட்டர்தான் வசதி. டிஜிட்டலில் எண் மாறும் அவசரத்தில் இந்த மாதிரி ஓட்டை தப்பிவிடும். கம்பிச் சுற்றின் மேல் கறுப்புப் படலம் படிந்திருந்தது. காண்டாக்ட் கிளீனர் அடித்து மெல்லிய துணியால் துடைத்து, அதன்மேல் ஓடும் பித்தளை விரலை ஒரு மயிரிழை உள்ளே வளைத்தேன். அழுத்தம் அதிகமானால் கம்பிச் சுற்றைத் தின்றுவிடும். மறுபடி அளந்தபோது 238 ஓமிலிருந்து 34 வரை எங்கும் அறுபடாமல் இறங்கியது. ரப்பர் வளையம் மட்டும் புதிது. பழையது பெட்ரோலில் ஊறிப் பெருத்து, திரும்ப அந்தப் பள்ளத்தில் உட்கார மறுத்தது.

மீட்டரின் முதுகில் முள்ளை ஏற்றி இறக்கும் பல் வெட்டிய சிறு தகடுகள் இருந்தன. 240க்கும் 33க்கும் முள் சரியாக நின்றதால் அவற்றைத் தொடவில்லை. வேறு எங்கோ இருக்கும் கோளாறை அங்கே திருகி மறைப்பவர்களால்தான் அடுத்து வருபவருக்குத் தலைவலி.

புதிய வண்டிக்காரர்களுக்கு இந்தக் கதையில் பாதிதான் பொருந்தும். அங்கே சென்சார் எஞ்சின் கம்ப்யூட்டரிடம் சொல்கிறது, அது மீட்டர் போர்டிடம் சொல்கிறது, முள்ளை நகர்த்துவது சின்ன ஸ்டெப்பர் மோட்டார். ஒரு வசதி, கோளாறு பார்ப்பதற்கென்று இருக்கும் ஓபிடி போர்ட்டில் ஸ்கேனரைச் செருகினால் கூலன்ட் சூடு டிகிரியில் வந்துவிடும். ஸ்கேனர் 88 என்கிறது, முள் செத்துக் கிடக்கிறது என்றால் கோளாறு மீட்டர் போர்டுக்குள். கப்ளர் பின்களின் சால்டரிங்கில் முடிபோன்ற விரிசலா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் அந்த மோட்டார். 2003ஐ ஒட்டி வந்த சில அமெரிக்க பிக்கப் வண்டிகளில் இந்த மோட்டார்கள் கூட்டமாகச் செத்ததால், எக்ஸ் 27.168 என்ற மாற்று மோட்டார் ரிப்பேர் செய்பவர்களிடையே பேர் பெற்றுவிட்டது. நான்கு கால், 315 டிகிரி சுழற்சி. முள்ளைப் பிடுங்குமுன் அது ஓய்வில் நிற்கும் இடத்தை டயலில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் குறித்துக்கொள்ள வேண்டும். டயலை வெறும் விரலால் தொட்டால் மேட் கறுப்பில் கறை நிரந்தரம். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பேட்டரி கழற்றியபின் எவ்வளவு நேரம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறதோ அவ்வளவு நேரம் காத்திருங்கள். முழு போர்டையும் மாற்றினால் ஓடிய கிலோமீட்டரும் கூடவே மாறிவிடும், அதைக் குறைத்துக் காட்டுவது பல நாடுகளில் குற்றம். பழைய எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, புதிய வண்டிகள் பலவற்றில் டெம்பரேச்சர் முள் நடுவில் ஆணி அடித்தாற்போல நிற்பது கோளாறில்லை. ஓட்டுபவர் பதறக் கூடாது என்று ஒரு பெரிய இடைவெளி முழுக்க ஒரே இடத்தில் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. ஏறும்போதே சொல்லாத முள் எதற்கு?

பாக்ஸ் வெளியே இருந்ததால் ஸ்பீடோமீட்டரையும் பார்த்தேன். 40க்குக் கீழே முள் நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்கம் என்றாலே மீட்டர் போச்சு என்பார்கள், அநேகமாக அது கேபிள். உள்கேபிளை உருவி, வழவழப்பான தரையில் நீளமாகப் போட்டு ஒரு முனையை விரலால் உருட்டினேன். நேரான கேபிள் அமைதியாகச் சுழலும், மடிந்திருந்தால் ஓரிடத்தில் துள்ளும். இது துள்ளவில்லை, எலும்பாகக் காய்ந்திருந்தது, அவ்வளவுதான். மெல்லிய கிரீஸைத் தடவினேன், மேல்முனையில் ஒரு சாண் மட்டும் காய்ந்தபடியே விட்டு. அங்கேயும் தடவினால் சுழற்சியில் கிரீஸ் ஏறி மீட்டருக்குள் போய்விடும். உள்ளே காந்தம் ஒன்று அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலேயே சுழன்று, சுழல் மின்னோட்டத்தால் அதை இழுக்கிறது; மயிர்ச்சுருள் அதை எதிர்க்கிறது. ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ட்சே 1902இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே எண்ணெய் போனால் இழுவை கூடி முள் இல்லாத வேகத்தைக் காட்டும்.

எல்லாம் மாட்டி ஓட்டிப் பார்த்ததில் நடுக்கம் போய்விட்டது. போன் ஜிபிஎஸ்ஸில் 80 வரும்போது முள் 84இல் நிற்கிறது. ஐரோப்பிய விதிகளில் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்துக்குக் குறைவாகக் காட்டவே கூடாது. உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் மேலே 4 கிலோமீட்டரும் வரை கூடக் காட்டலாம். 80க்கு அந்தக் கணக்கில் 92 வரை இடம் இருக்கிறது. அதனால் அதை அப்படியே விட்டுவிட்டேன்.